பரீட்சையில் வராத ஸ்கேனை எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எதற்காகக் கற்க வேண்டும்?

நீலகிரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒருநாள் அல்ட்ராசவுண்ட் பயிலரங்கு நடந்ததாம். அன்றைக்கு எல்லோர் கைக்கும் ப்ரோப், அதாவது உடல்மேல் வைத்து ஸ்கேன் பார்க்கும் கருவி, வந்தது, எல்லோருக்கும் ஒரே உற்சாகம். இரண்டு மாதம் கழித்து யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. "இது பல்கலைக்கழகத் தேர்வில் வருவதில்லை. பட்டமேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டிக் கேட்பார்கள், அதற்கு ப்ரோப் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஸ்கேன் பார்க்க ரேடியாலஜி டாக்டர்கள் இருக்கிறார்கள். சட்டமும் கடுமையாக இருக்கிறது. இதில் நேரம் செலவழிப்பது வீணா? வீண் இல்லையென்றால், வடிந்துபோன ஆர்வத்தைத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது?"

வீண் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடலூர் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். அங்கே வந்து சேரும் இளம் டாக்டர்களுக்கு ப்ரோப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் என் அன்றாட வேலைகளில் ஒன்று. யாருக்கு ஆர்வம் நிற்கிறது, யாருக்கு வடிகிறது என்று பக்கத்திலிருந்தே பார்த்துவருகிறேன். உங்களுக்கு வடிந்ததற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பயிலரங்கில் உங்களுக்குப் படம் காட்டியிருப்பார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடி அந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்ல நேரம் இருந்திருக்காது. கேள்வி இல்லாமல் பார்த்த படம் மனதில் தங்குவதில்லை.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண்ணைக் காட்டெருமை முட்டித் தள்ளிவிட்டது என்று வையுங்கள். கூடலூர், குன்னூர், கோத்தகிரி எந்தப் பக்கம் வேலை பார்க்கும் டாக்டருக்கும் இது புதிய செய்தி இல்லை. கொம்பு குத்தியிருந்தால் காயம் கண்ணுக்குத் தெரியும். வெறும் தலையால் இடித்துத் தேயிலைச் செடிக்குள் தள்ளியிருந்தால் வெளியே ஒரு சிராய்ப்புதான் இருக்கும். அந்த அம்மா பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார், வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. நாடித்துடிப்பு மட்டும் 110. பயத்தாலா, வலியாலா, உள்ளே ரத்தம் கசிவதாலா?

எங்களைப் போன்ற இடத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இன்னும் 85 கிலோமீட்டர் போல, அதில் குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். பந்தலூர்க்காரர்கள் பலர் கேரளப் பக்கம் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போய்விடுவார்கள். 108 வண்டி ஒன்று கீழே இறங்கிவிட்டால் அடுத்த கேஸுக்கு வண்டி எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு கணக்கு. மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, உடனே அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்ற முடிவு டாக்டரின் தலையில் விழுகிறது.

இப்போது ப்ரோப்பை எடுங்கள். வலது பக்கம், அக்குளின் நடுவிலிருந்து கீழே கோடு போட்டால் அது கீழ் விலா எலும்புகளைச் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும், ப்ரோப்பின் குறி தலைப்பக்கம் பார்க்க. விலா எலும்பின் நிழல் படத்தைக் குறுக்கே வெட்டினால் ப்ரோப்பை இம்மியளவு சாய்வாகத் திருப்புங்கள், நிழல் விலகும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் சிறுநீரகம் கீழே இறங்கி வரும். கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டி நின்று, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் அங்கே ரத்தம் தேங்கவில்லை. அந்தக் கோட்டின் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விரிந்திருந்தால், அடிபட்டு வந்தவரிடம் அதை ரத்தம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று சொல்லி ப்ரோப்பை எடுத்துவிடுவார்கள். கல்லீரலின் கீழ் நுனி வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். கொஞ்சமாகத் தேங்கும் ரத்தம் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அந்த நுனியில்தான். அப்புறம் இடது பக்கம் மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால், கடைசியாக நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்து இதய உறை. மொத்தம் நான்கு இடம். பழகிய கைக்குச் சில நிமிட வேலை. ஃபாஸ்ட் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

இதன் எல்லையையும் கையோடு சொல்லிவிட வேண்டும். சில நூறு மில்லி தேங்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அதனால் முதல் முறை ஒன்றும் தெரியவில்லை என்றால் ரத்தக்கசிவே இல்லை என்று அர்த்தம் இல்லை. நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். குடலில் ஓட்டை விழுந்திருந்தாலும், சிறுநீரகத்துக்குப் பின்பக்கம் கசிந்தாலும் ஃபாஸ்ட் அதைத் தவறவிடலாம். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பைப் பார்த்து ரத்தம் என்று பதறுவதும் நடக்கும். இந்த எல்லைகளைத் தெரிந்துகொள்ளும்போது பாடம் இன்னும் சுவையாகிறது என்பது நான் கண்டது. இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிடிபட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப ப்ரோப்பை எடுக்கிறார்கள்.

அந்தக் கறுப்புப் பட்டையை முதன்முதலாகத் தன் கையால் கண்டுபிடித்த இளம் டாக்டருக்கு அதற்குப் பிறகு யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டியதில்லை. மறுநாள் டூட்டி இல்லாவிட்டாலும் வந்து நிற்பார். "சார், நேற்று அனுப்பிய கேஸ் கீழே என்ன ஆச்சு?" என்று அவர்தான் முதலில் போன் போட்டுக் கேட்பார். கோவையில் மண்ணீரல் கிழிந்திருந்தது என்று பதில் வந்தால் முகமே மாறிவிடும். தான் பார்த்தது உண்மைதான் என்று தெரிந்துகொள்வதில் ஒரு நிறைவு இருக்கிறதே, அதற்கு இணையான ஊக்கத்தை நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

மனத்தூண்டலை ஆராய்ந்த உளவியலாளர்கள் வந்து சேர்ந்த இடமும் இதற்குப் பக்கம்தான். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் கனசதுரத் துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒருநாள் மட்டும், விடுவித்த புதிருக்கெல்லாம் காசு கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். காசு நின்றபின் அவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. காசே வாங்காத குழுவில் அப்படிக் குறையவில்லை. பின்னாளில் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து இதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார்கள். மனிதனுக்கு ஒரு வேலையில் உள்ளார்ந்த ஈடுபாடு நிலைக்க மூன்று வேண்டும் என்றார்கள்: இது நானே விரும்பி எடுத்தது என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

உங்கள் பயிலரங்கை இந்த மூன்றோடும் வைத்துப் பாருங்கள். கல்லூரி ஏற்பாடு செய்தது, நீங்கள் போனீர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ப்ரோப் கிடைத்திருக்கும், அதில் கை எங்கே வரும்? முடிந்ததும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போயிருப்பீர்கள். அன்று வந்த உற்சாகம் உண்மையானதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். புதிய கருவியைத் தொடும்போது யாருக்கும் வரும் உற்சாகம் அது. அதை மேற்கொண்டு நிலைநிறுத்த இந்த மூன்றில் ஒன்றாவது தேவைப்பட்டிருக்கும்.

தேர்வில் சேர்த்துவிட்டால் எல்லோரும் படிப்பார்களே என்று சில பேராசிரியர்கள் சொல்கிறார்கள். ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வில் 'கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் காட்டுங்கள்' என்று ஒன்றை வைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். தேர்வு இருந்தால்தான் கருவியும் ஆசிரியரும் நேரமும் ஒதுக்கப்படும் என்பது நம் கல்லூரிகளில் நடைமுறை உண்மை. எனக்குக் கவலை தருவது எண்ணிக்கை வைப்பது. 'இத்தனை ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும், லாக்புக்கில் கையெழுத்து வாங்கு' என்று ஆரம்பித்தால், கையெழுத்துக்காக ப்ரோப் வைத்து எடுக்கும் பழக்கம் வந்துவிடும். பிரசவ லாக்புக்கும் தையல் லாக்புக்கும் கடைசி வாரத்தில் எப்படி நிரம்புகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

லாக்புக்கை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். ப்ரோப் வைப்பதற்கு முன்பே கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்: 'வலது நெஞ்சில் நீர் இருக்கிறதா?' பார்த்த பிறகு, இருக்கிறது, இல்லை, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். 'தெரியவில்லை' என்று எழுதக் கூச்சமே வேண்டாம். பிறகு ரேடியாலஜி ரிப்போர்ட் வந்ததும் அதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ப்ரோப் வைத்தால் கண் தானாக அதையே தேடிப் பிடிக்கும், அதில் கற்பது குறைவு. இந்த நோட்டில் பொருந்தாத வரிகளைத்தான் ஆற அமர உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏன் பொருந்தவில்லை என்று ரேடியாலஜி டாக்டரிடம் போய்க் கேளுங்கள். கேட்கும் மாணவரை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும்.

ரேடியாலஜிஸ்ட் இருக்கும்போது நாம் எதற்கு என்று கேட்டீர்கள். அவர் செய்வது முழு ஆய்வு. வயிற்றின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, எதிர்பாராததையும் கண்டுபிடித்து எழுதித்தர வேண்டியது அவர் பொறுப்பு. அதற்கு மூன்றாண்டு பட்டமேற்படிப்பு இருக்கிறது, அந்த இடத்துக்கு நாம் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. படுக்கையோரம் நாம் பார்ப்பது ஒரே கேள்விக்கான விடை, அதுவும் இரவு இரண்டு மணிக்கு, அவர் வந்து சேரும் வரை என்ன செய்வது என்று முடிவெடுக்க. ஊட்டியில் 700 படுக்கைகளுடன் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல், இந்த மலைக்கு அது காலம் கடந்து வந்த நல்ல காரியம். ஆனாலும் எருமாட்டிலோ மசினகுடியிலோ மஞ்சூரிலோ இருக்கும் ஒரு நோயாளிக்கு முதலில் கிடைக்கப்போவது ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர்தான். இன்னும் சில வருடத்தில் அது நீங்களாக இருக்கலாம்.

இன்னொரு கேள்வியையும் சொல்கிறேன், ஊட்டிக்கே உரியது. மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். கீழேயிருந்து குடும்பத்தோடு வந்த பெரியவர் ஒருவரை நள்ளிரவில் லாட்ஜிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை. பல வருடமாகப் பீடி குடிப்பவர், இதய நோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர், மாத்திரைப் பையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சு முழுக்க விசில் சத்தம். 2,240 மீட்டர் உயரக் குளிரில் மூச்சுக்குழாய் சுருங்கியதா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததா? முதலாவதற்கு நெபுலைசர், இரண்டாவதற்கு நீரை வெளியேற்றும் ஊசி. மாற்றிச் செய்தால் நேரம் போய்விடும்.

நுரையீரலில் காற்று இருப்பதால் அல்ட்ராசவுண்டுக்கு அங்கே வேலையே இல்லை என்றுதான் நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தார்கள். இயற்பியல் கணக்குப்படி அது சரிதான். மென்திசுவில் நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகும் ஒலியலை காற்றைச் சந்தித்ததும் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும், உள்ளே எதுவும் தெரியாது. பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் அந்தத் திரும்பி வரும் கோடுகளையே உற்றுப் பார்த்தார். காற்று நிறைந்த நுரையீரலில் படுக்கைக் கோடுகள் சம இடைவெளியில் தெரிகின்றன. நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து திரையின் அடி வரை செங்குத்தாக வெளிச்சக் கோடுகள் இறங்கி, மூச்சோடு சேர்ந்து அசைகின்றன. ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ, இரு பக்கமும் பல இடங்களில் இருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று சந்தேகிக்க வலுவான ஆதாரம். இதை முறைப்படுத்தி ப்ளூ என்ற நெறிமுறையாக 2008-இல் வெளியிட்டார். உதவாது என்று ஒதுக்கிய குறையையே தடயமாக மாற்றிய வேலை அது. அதைப் படித்துவிட்டு உங்கள் வகுப்புத் தோழரின் நெஞ்சில் ப்ரோப்பை வைத்து அந்தப் படுக்கைக் கோடுகளைப் பாருங்கள். நுரையீரல் உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கிப் போவது தெரியும். உடலைப் பற்றிய வியப்பு தானாக வரும். முதலாம் ஆண்டு அனாடமியில் சலித்துப்போன மாணவர்கள் பலருக்கு அசையும் உடலைத் திரையில் பார்த்த பிறகுதான் அந்தப் பாடம் பிடித்திருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவில் அரிவாள் செல் நோயின் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) மரபணு இருப்பது முதன்முதலில் பதிவானது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்களால். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குரும்பர், இருளர் குடும்பங்களில் இந்த நோயோடு வாழும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். நீங்கள் படிக்கும் மேல்நாட்டுப் பாடநூலில் இந்த நோயாளிகளுக்கு ஐந்து வயதை ஒட்டி மண்ணீரல் சுருங்கிச் செயலிழந்துவிடும் என்று இருக்கும். அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த நோயாளிகளை வைத்து எழுதியது. நம் பக்கம் இருக்கும் மரபணு வகை வேறு. பிறந்த குழந்தைக்கு இருக்கும் வகை ஹீமோகுளோபின் இவர்களிடம் வளர்ந்த பிறகும் கூடுதலாக இருப்பதால், பலருக்கு மண்ணீரல் வளர்ந்த வயதிலும் பெரிதாகவே நிற்கும். பதினைந்து வயதுப் பையனுக்கு இடது விலாவோரம் ப்ரோப்பை வைத்தால் புத்தகப்படி சுருங்கிப்போயிருக்க வேண்டிய மண்ணீரல் விலாவைத் தாண்டி இறங்கி நிற்கிறது. அதை அளந்து எழுதும் மாணவருக்கு, புத்தகத்தில் இருப்பது ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய உண்மை, என் முன்னால் இருப்பவரைப் பற்றிய உண்மையை நான்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உறைக்கிறது.

மண்ணீரலை அப்படி அளந்து எழுதுவதில் மருத்துவப் பயனும் உண்டு. திடீரென்று ரத்தம் மண்ணீரலில் போய்த் தேங்கி, பிள்ளை வெளுத்து, அதிர்ச்சி நிலைக்குப் போகும் ஆபத்து இந்த நோயில் இருக்கிறது. போன மாதம் அளந்த அளவு அட்டையில் இருந்தால் இன்று வீங்கியிருப்பது உடனே தெரியும். வயிற்று வலி என்று வரும் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்றும் அதே கையோடு பார்க்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மக்கள் காலங்காலமாக ரத்தம் கொடுத்து, ஆய்வுக்கு உட்பட்டு, முடிவு என்னவென்று யாரும் வந்து சொல்லாமல் இருந்தவர்கள். ப்ரோப் வைப்பதற்கு முன் எதற்காக என்று சொல்லுங்கள், முடிந்ததும் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். உங்கள் ஆர்வத்துக்கு அந்தப் பிள்ளை கருவியாகிவிடக் கூடாது.

சட்டத்துக்கு வருகிறேன். கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது, 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது. பாலினம் பார்க்கக்கூடிய எந்த அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது நுரையீரலைத்தான் என்றாலும் கருவிக்கு அந்த விதி உண்டு. செல்போனில் மாட்டும் கையடக்கக் கருவிக்கும் உண்டு. ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு "ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. பதிவு இல்லாதவருக்கு அதை விற்பதே குற்றம். முதல் முறை தண்டனையே மூன்றாண்டு சிறை வரை போகும், குற்றம் உறுதியானால் டாக்டரின் பெயர் ஐந்தாண்டுக்கு மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். எம்.பி.பி.எஸ். முடித்தவர் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும் தகுதி பெற ஆறு மாதப் பயிற்சியும் திறன் தேர்வும் வேண்டும் என்று 2014-இல் தனி விதிகளும் வந்தன.

இந்தச் சட்டம் கற்பவரின் ஆர்வத்தைக் கெடுக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அலுப்பு இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991 கணக்கெடுப்பில் 945, 2001-இல் 927. நம் மாநிலத்தில் 1992-இல், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த நிலைமையை உங்கள் அம்மா, பாட்டியிடம் கேளுங்கள், சொல்வார்கள். நாம் கற்க நினைக்கும் இதே கருவியும் பல பெண் குழந்தைகளைக் கருவிலேயே எண்ணிக்கையிலிருந்து அழிக்க உதவியது. அதனால் விதியை மதித்து, பதிவு பெற்ற இடத்தில், தகுதி பெற்றவர் மேற்பார்வையில் கற்பதைப் பாரமாக நினைக்காதீர்கள். மாணவப் பருவத்தில் நீங்கள் பழக வேண்டிய நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், கால் ரத்தநாளம் எதற்கும் கர்ப்பிணியின் வயிற்றுப் பக்கமே போக வேண்டியதில்லை.

நீட் பி.ஜி. பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும், வாரம் ஒரு மணி நேரம் ப்ரோப் பிடிப்பதால் ரேங்க் போய்விடாது. பிறகு எந்தத் துறைக்குப் போனாலும் இது கையில் ஏறத்தான் போகிறது. மயக்கவியலில் நரம்பைப் பார்த்து மரப்பு ஊசி போட, அவசர சிகிச்சையில், பொது மருத்துவத்தில், குழந்தை மருத்துவத்தில் எல்லாம் இன்று இது அன்றாடம்.

கூட ஆள் வேண்டும் என்றேன், அதற்கு வருகிறேன். ஜெர்மனியின் பல மருத்துவக் கல்லூரிகளில் மூத்த மாணவர்களே இளையவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அடிப்படைத் திறன்களில், ஆசிரியரிடம் கற்றவர்களுக்கும் பயிற்சி பெற்ற மூத்த மாணவரிடம் கற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2006 முதல் முதலாம் ஆண்டிலிருந்தே இதைப் பாடத்திட்டத்தில் கலந்துவிட்டது. நம்மிடம் ரேடியாலஜி போஸ்டிங்கே இரண்டு வாரம்தான். அதற்குள் கைவந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒருவர் படுக்க, ஒருவர் ப்ரோப் பிடிக்க, ஒருவர் திரையைப் பார்த்து உறுப்பின் பெயரைச் சொல்ல, ஒருவர் குறை சொல்ல. சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் முதல் நாள் இரவு தானாகப் படிப்பீர்கள்.

கை வேலையில் ஆரம்பக்காரர்கள் சிக்கிக்கொள்வது இரண்டு இடத்தில். ப்ரோப்பைக் கோலைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிப்பார்கள். சுண்டுவிரலும் உள்ளங்கையின் ஓரமும் நோயாளியின் உடல் மேல் படிந்திருக்கட்டும், அப்போதுதான் கை நழுவாது, மில்லிமீட்டர் அளவில் நகர்த்த முடியும். இரண்டாவது, படம் தெரியவில்லை என்றதும் கெயினை, அதாவது திரையில் படத்தின் வெளிச்சத்தை, ஏற்றிக்கொண்டே போவார்கள், கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் வெளுத்துவிடும். முதலில் ஆழத்தைச் சரிசெய்து, ஜெல் போதுமா என்று பாருங்கள், கெயின் கடைசியில். ஜெல் என்றதும் ஒன்று: டிசம்பர், ஜனவரி ஊட்டிக் குளிரில் அந்த ஜெல்லை அப்படியே வயிற்றில் வைத்தால் நோயாளி துள்ளிவிடுவார், வயிற்றுத் தசை இறுகிவிடும், படமும் கெடும். ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து இதமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு வையுங்கள். காத்திருக்கும் அந்தச் சில நிமிடத்தில் நோயாளியிடம் நாலு வார்த்தை பேசிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க நினைக்க வேண்டாம். இந்த வருடம் கல்லீரல்–சிறுநீரகப் படம் ஒன்று, நுரையீரல் உறை வழுக்குவது ஒன்று, இரண்டு போதும். இவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்த பிறகு மண்ணீரல் பக்கம் போங்கள். அது விலாவுக்குள் ஒளிந்திருப்பதால் கொஞ்சம் சிரமம். நீங்கள் நினைப்பதை விட முதுகுப் பக்கமாக, தலைப்பக்கமாக வைக்க வேண்டும். இதயத்தை ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கு விட்டுவையுங்கள்.

துறைத் தலைவரிடம் அனுமதி கேட்கும்போது வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் மாலை, வெளிநோயாளிகள் முடிந்த பிறகு, ஒரு மணி நேரம். இடம், பதிவு பெற்ற ஸ்கேன் அறையே. மேற்பார்வைக்குத் துறையில் ஒரு டாக்டர். படுப்பவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்த மாணவர்கள், ஆரம்பத்தில் ஆண் மாணவர்கள் மட்டும், அடிவயிறு கிடையாது. ஜெல்லும் துடைக்கும் தாளும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றும் சேர்த்துவிடுங்கள். கடைசியாக ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: பயிற்சியின்போது யார் உடலிலாவது கல்லோ கட்டியோ தெரிந்தால் அந்த இடத்தில் யாரும் வாய் திறக்காமல், மேற்பார்வை டாக்டர் தனியே பார்த்து உறுதிசெய்து, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் அவரே சொல்வார் என்று. இந்த ஒரு வரி இருந்தால் நீங்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும், அனுமதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.